கல்லாவில் எதை முதலில் காட்டுவது? சிடிசி பற்றுச்சீட்டும் கடைக் கூப்பனும்

2025 மே மாதம் ஒவ்வொரு சிங்கப்பூரர் குடும்பத்துக்கும் அரசாங்கம் கொடுத்த 500 வெள்ளி சிடிசி பற்றுச்சீட்டை (கைப்பேசியில் வரும், கடையில் காசுபோலச் செல்லும்) இந்த முறை பிஸ்கட்டிலும் கோப்பித் தூளிலும் கரைக்கக்கூடாது, காய்கறி, மீன், பருப்பு, ஓட்ஸுக்கு மட்டும்தான் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அம்மாவுக்குச் சர்க்கரை ஏறிவிட்டது, வெள்ளைச் சோற்றைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள். சிங்பாஸில் (அரசாங்க இணையக் கணக்கு) நுழைந்து பற்றுச்சீட்டைப் பெற்றதும், தம்பி அந்த இணைப்பைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டதும் ஐந்து நிமிட வேலை. வயிற்றெரிச்சல் ஆரம்பித்தது கல்லாவில்தான்.

வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பேரங்காடி. பெயர் வேண்டாம். அவர்களுடைய செயலியில் 40 வெள்ளிக்கு வாங்கினால் 6 வெள்ளி தள்ளுபடி என்று ஒரு கூப்பன் வந்திருந்தது. பழுப்பரிசி, ஓட்ஸ், முட்டை, தவ்ஃபூ, சாய் சிம் கீரை, ஒரு பொட்டலம் உறைந்த மீன் என்று பார்த்துப் பார்த்துக் கூடையை நிரப்பினேன். 43 வெள்ளிச் சொச்சம் வந்தது. "கூப்பன் இருக்கிறது" என்று முதலிலேயே சொன்னேன். கல்லாவில் இருந்த பெண் "லேட்டர், லேட்டர்" என்றபடி, நான் பற்றுச்சீட்டுக்காக எடுத்து வைத்திருந்த கியூஆர் குறியீட்டை டப்பென்று வருடிவிட்டார், அதாவது ஸ்கேன் செய்துவிட்டார். 40 வெள்ளி கழிந்தது. அடுத்து கூப்பனைக் காட்டினால் இயந்திரம் ஏற்கவில்லை. கட்ட வேண்டிய பாக்கி 3 வெள்ளிதானாம், 40 வெள்ளி நிபந்தனை நிறைவேறவில்லையாம்!

மேற்பார்வையாளரைக் கூப்பிட்டார்கள். பற்றுச்சீட்டை வருடியது வருடியதுதான், திருப்ப முடியாது என்றார். "சிஸ்டம் லைக் தட், ஆன்ட்டி." எனக்கு 6 வெள்ளி போனதைவிட அந்த ஆன்ட்டிதான் அதிகம் உறைத்தது. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது, வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து புகார் எழுதிப் போட்டதற்கு மன்னிப்புக் கேட்டுப் பதில் வந்தது, கூடவே ஒரு கூப்பனும். எதற்கு என்று நினைக்கிறீர்கள்? சாக்லேட் பிஸ்கட்டுக்கு.

ஆகவே இதை மட்டும் மறக்காதீர்கள். கடைக் கூப்பன் என்பது தள்ளுபடி, சிடிசி பற்றுச்சீட்டு என்பது காசு. தள்ளுபடி எல்லாம் முடிந்த பிறகுதான் காசு. உறுப்பினர் அட்டை, மூத்தோர் கழிவு, கூப்பன் மூன்றும் ஏறி, திரையில் கடைசித் தொகை வந்த பிறகு பற்றுச்சீட்டைத் திறந்து எத்தனை வெள்ளி என்று தேர்ந்தெடுங்கள். அதுவரை கைப்பேசியைப் பையிலேயே வைத்திருங்கள். நீட்டினால் வருடிவிடுவார்கள். அடுத்த முறை அப்படித்தான் செய்தேன். அதே கடை, அதே மாதிரிக் கூப்பன், வாயைத் திறக்காமல் 6 வெள்ளி இறங்கியது. கல்லாவில் இருந்தவர் வேறு ஆள், இல்லாவிட்டால் ஒரு பார்வை பார்த்திருப்பேன்.

மூத்தோர் கழிவு என்றதும் இன்னொன்று. ஃபேர்பிரைஸ் பேரங்காடியில் மூத்தோருக்குக் குறிப்பிட்ட கிழமைகளில் கழிவு உண்டு. அப்பாவைச் சும்மா வீட்டில் உட்கார வைக்காதீர்கள்.

பற்றுச்சீட்டு 2, 5, 10 வெள்ளிகளாக வரும். மிச்சச் சில்லறை கிடையாது. 7 வெள்ளிக் கணக்குக்கு உங்களிடம் 10 வெள்ளிச் சீட்டு மட்டும்தான் மீதி என்றால் 3 வெள்ளி போச்சு. பெரிய கணக்கில் 10 வெள்ளிச் சீட்டுகளைத் தள்ளிவிடுங்கள். 2 வெள்ளிச் சீட்டுகளைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றுங்கள், கீரைக்கு அவைதான் கைகொடுக்கும்.

அந்தக் கூப்பன்களின் பொடி எழுத்தையும் படித்துவிடுங்கள். எனக்கு வந்த ஒன்றில் அரிசி சேராது என்று அடியில் போட்டிருந்தது. பழுப்பரிசியும் அரிசிதானே! பொதுவாகவே கடைக் கூப்பன்கள் மாவு பானம், சீரியல், இனிப்பு பானம் பக்கம்தான் இழுக்கும். கத்தரிக்காய்க்கு யாரும் கூப்பன் கொடுத்து நான் பார்த்ததில்லை. பான அடுக்கில் நியூட்ரி-கிரேட் எழுத்தைப் பாருங்கள் (சர்க்கரை, கொழுப்பு அளவுக்கு ஏ முதல் டி வரை போடும் தரம், டிதான் மோசம்). டி என்று போட்டதை மூன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றால், நான்கு பாட்டில் சர்க்கரையை வீட்டுக்குத் தூக்கி வருகிறீர்கள். பழுப்பரிசியையும் மலிவாகக் கிடைக்கிறதே என்று மூட்டை மூட்டையாக வாங்காதீர்கள். அதில் தவிட்டு எண்ணெய் இருப்பதால் வெள்ளை அரிசியைவிடச் சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் வண்டும் வரும்.

500 வெள்ளியில் பாதி, அதாவது 250, பேரங்காடிக்கு. மறுபாதி உணவங்காடிக்கும் அக்கம்பக்கக் கடைகளுக்கும். இந்த இரண்டாவது பாதியைப் பேரங்காடியில் காட்டினால் எடுக்காது. நிறையப் பேர் இதைக் கோழிச்சோற்றிலும் தே தாரேக்கிலும் முடித்துவிடுகிறார்கள். காய்கறி, மீன் விற்கும் ஈரச்சந்தைக் கடைகளிலும் இது செல்லும் என்பதுதான் விஷயம். பேரங்காடியில் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் விலைக்குள் இருக்கிறது. ஆண்டு வருமானம் 10 லட்சம் வெள்ளியைத் தாண்டாத, வரிக்குப் பதியாத சின்னக் கடைக்காரர் அதை வாங்க முடியாது.

ஆனால் கடையில் ஒட்டியிருக்கும் சிடிசி ஒட்டுவில்லையை நம்பி மீனை வெட்டச் சொல்லிவிடாதீர்கள். எங்கள் பேட்டைச் சந்தையில் ஒரு மீன் கடையில் சிடிசி ஒட்டுவில்லை பளிச்சென்று இருந்தது. செதில் எடுத்து, துண்டு போட்டு, பையில் கட்டிய பிறகு குறியீட்டைக் காட்டினால், "ஃபோன் பாஸ் கையில், பாஸ் வீட்டுக்குப் போய்விட்டார்" என்றார் கடை ஆள். பற்றுச்சீட்டை வருடும் செயலி அந்த ஒரு கைப்பேசியில்தான் இருக்கிறதாம். வெட்டிய மீனை என்ன செய்வது? ரொக்கம்தான் கொடுத்தேன். இப்போதெல்லாம் கடை முன்னால் நின்றதும் முதல் கேள்வி, "இன்றைக்குப் பற்றுச்சீட்டு எடுப்பீர்களா?" தேக்கா சந்தையில் நான் வழக்கமாக வாங்கும் கீரைக்கார அக்கா கேட்கும் முன்பே கைப்பேசியை நீட்டிவிடுவார். முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி, வல்லாரை எல்லாம் அங்கேதான். காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் பாதிக் கடை மூடியிருக்கும்.

40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் ஹெல்தியர் எஸ்ஜி என்ற அரசாங்கச் சுகாதாரத் திட்டத்தில் சேர்ந்து மருத்துவரிடம் முதல் ஆலோசனையை முடித்தால் 3,000 ஹெல்த்பாயிண்ட்ஸ் புள்ளிகள் கிடைக்கும், 20 வெள்ளி மதிப்பு. அம்மாவுக்கு வந்ததை ஹெல்தி 365 செயலியில் மின்பற்றுச்சீட்டாக மாற்றி ஓட்ஸும் பருப்பும் வாங்கினோம். ஒரே ஒரு எச்சரிக்கை: மாற்றிய சீட்டுக்குத் தனிக் காலாவதித் தேதி உண்டு, கடைக்குக் கிளம்பும் அன்றைக்கு மாற்றினால் போதும்.

அப்புறம் தேதிக் குழப்பம். 2025 ஜூலையில், சிங்கப்பூரின் 60ஆம் ஆண்டுக்கான எஸ்ஜி60 பற்றுச்சீட்டும் வந்ததால் வீட்டில் ஆளுக்கொரு இணைப்பு. சிடிசி குடும்பத்துக்கு ஒன்று, எஸ்ஜி60 தலைக்கு ஒன்று: 21 முதல் 59 வயதுவரை 600 வெள்ளி, 60 வயதிலிருந்து 800. கைப்பேசியில் இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். மே மாத சிடிசி 2025 டிசம்பர் 31ஆம் தேதியோடு காலாவதியானது, எஸ்ஜி60க்கு 2026 டிசம்பர் 31தான் கடைசி நாள். எனவே அந்த சிடிசியை முதலில் காலி செய்தோம். தம்பி வாட்ஸ்அப்பில் இரண்டு இணைப்புக்கும் பக்கத்தில் தேதியை எழுதிப் பின் செய்து வைத்திருக்கிறான். கைப்பேசி பழக்கமில்லாத பெரியவர்கள் சமூக மன்றத்துக்குப் போனால் தாளில் அச்சடித்துக் கொடுப்பார்கள். எதிர்வீட்டுப் பாட்டி அப்படித்தான் வைத்திருக்கிறார், கல்லாவில் யாரும் அவரிடம் அவசரமாகப் பிடுங்கி வருடுவதில்லை.