52 வாரம், 52 படம்: சென்னைக்குத் தெற்கே ஓராண்டு இயற்கை ஒளிப்படம்

விதி மூன்றுதான். ஞாயிறு இரவுக்குள் அந்த வாரத்தின் படம் முடிவாக வேண்டும். அந்த ஏழு நாளுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். படத்தில் இருப்பது தானாக வாழ்வதாகவோ வளர்வதாகவோ இருக்க வேண்டும்; கூண்டுப் பறவை, பூச்சாடிப் பூங்கொத்து கிடையாது. மண், நீர், வானம் சேர்த்தி. ஜனவரி முதல் வாரத்தில் தொடங்கி டிசம்பர் கடைசி வாரத்தில் முடிந்தது. இடங்கள்: பள்ளிக்கரணை சதுப்பு நிலம், பெரும்பாக்கம், பெசன்ட் நகர் கடற்கரை, கேளம்பாக்கம் உப்பங்கழி. வெளியூர்ப் பயணம் ஆண்டுக்கு இரண்டே: வேடந்தாங்கல், ஜவ்வாது மலை.

இன்னொரு விதியை நான்காவது வாரத்தில் சேர்க்க வேண்டி வந்தது. புதன்கிழமைக்குள் சுமாராகவாவது ஒரு படம் கையில் இருக்க வேண்டும். சனி, ஞாயிறில் அதைவிட நல்லது கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம். எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கினால், ஒரு மழையோ ஒரு கல்யாணமோ போதும், தொடர் அறுந்துவிடும்.

கருவி அதிகம் வேண்டாம். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு சென்சார்) கேமரா, அதோடு வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸ், 70-300 மி.மீ. ஜூம், ரெய்னாக்ஸ் டிசிஆர்-250, ஒரு ஃப்ளாஷ், சுமாரான ட்ரைபாட், ஒரு கிலோ அரிசி போட்டுத் தைத்த துணிப்பை. தரையோடு படுத்து எடுக்கவும், மதகுச் சுவர் மேல் ஜூமைத் தாங்கவும் அரிசிப் பைதான் உதவியது. ட்ரைபாடைவிட அதற்கே வேலை அதிகம்.

ரெய்னாக்ஸ் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். மிக நெருக்கத்தில் எடுக்கும் தனி மேக்ரோ லென்ஸ் இல்லாமல் ஆண்டின் பூச்சிப் படங்கள் முழுவதும் அதில்தான் வந்தன. லென்ஸின் முன்னால் கவ்விப் பிடிக்கும் சின்னக் கண்ணாடி. திறன் +8 டயாப்டர், அதாவது குவியத்தூரம் 125 மி.மீ. ஜூமை முடிவிலியில் ஃபோகஸ் வைத்து 125 மி.மீ.-ல் நிறுத்தினால் பூச்சி தன் நிஜ அளவிலேயே சென்சாரில் விழும். 250-ல் வைத்தால் இரண்டு மடங்கு. எந்த ஜூமில் வைத்தாலும் பூச்சிக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி 12 செ.மீ. அளவில்தான் இருக்கும். கிட் லென்ஸில் மாட்டினால் நான்கு மூலையும் கறுத்துப்போகும். ஃபோகஸ் வளையத்தைத் திருகிக்கொண்டிருப்பதில் பயனில்லை. உடம்பை மெல்ல முன்னும் பின்னும் அசைத்து, கண் தெளியும் இடத்தில் அழுத்த வேண்டும். நிஜ அளவில், எஃப்/8-ல் (எஃப் எண் லென்ஸின் திறப்பைச் சொல்வது; எண் கூடினால் திறப்பு சுருங்கும், ஆழம் கூடும்), தெளிவாக வரும் ஆழம் அரை மில்லிமீட்டர் அளவுகூட நிச்சயமில்லை, அவ்வளவே. ஆழம் போதவில்லை என்று எஃப்/22-க்குப் போனால் சின்னத் திறப்பின் விளிம்பில் ஒளி வளைவதால் படம் முழுக்க மழுங்கும். எஃப்/11-க்கு மேல் போக வேண்டாம்.

மார்கழி, தை (வாரம் 1–8)

தொடங்க இதைவிட நல்ல காலம் கிடையாது. வலசைப் பறவைகள் வந்திருக்கும், பனியும் இருக்கும். முதல் வாரப் படமே பனித்துளி போர்த்த ஊசித்தட்டான். காலை ஆறேகாலுக்குப் புல்வெளியில் குனிந்து பார்த்தால், புல் நுனியைக் கால்களால் கட்டிக்கொண்டு தூங்கும் தட்டான்களைக் காணலாம். உடம்பு குளிர்ந்திருப்பதால் பறக்காது. கண்ணில், இறகு நரம்பில், மார்பு மயிரில் துளித்துளியாகப் பனி ஒட்டியிருக்கும். ஒவ்வொரு துளிக்குள்ளும் பின்னால் இருக்கும் கீழ்வானம் தலைகீழாகத் தெரியும். கேமராவின் முதுகு தட்டானின் உடம்புக்கு இணையாக நின்றால்தான் தலை முதல் வால் வரை தெளிவு வரும். ஐந்து பாகை சாய்ந்தாலும் வால் மங்கும். ட்ரைபாடில் எஃப்/8, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 200, 1/10 நொடி, 2 நொடி டைமர். பின்னால் ஓரடியாவது வெற்றிடம் இருக்கிறதா என்று பார்த்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பின்புலத்தில் புல்லெல்லாம் கோடு கோடாக விழும். ஏழேகாலுக்கு மேல் வெயில் பட்டதும் காற்று எழும்பும், துளி உலரும், ஆட்டம் முடிந்தது. மூன்றாவது வாரம் கெட்டதற்குக் காரணம் மூச்சுக்காற்று. 12 செ.மீ. தூரத்தில் மூச்சு விட்டால் புல்லும் ஆடும், கண்ணாடியிலும் ஆவி படியும்.

பறவைக்கு பள்ளிக்கரணையை ஒட்டிய 200 அடிச் சாலை. அது கிழக்கு மேற்காகச் சதுப்பை வெட்டிக்கொண்டு போகிறது. தை மாதச் சூரியன் தென்கிழக்கில் எழுவதால், சாலையில் நின்று வடக்கே பார்த்து எடுத்தால் வெளிச்சம் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும். தெற்கே திரும்பினால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல்தான். வெள்ளைக் கொக்கை எடுக்கும்போது வெளிச்ச ஈட்டை (கேமரா தானாகக் கணிக்கும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) -0.7 முதல் -1 வரை குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் இறகு வரியே தெரியாமல் வெளுத்துவிடும். வானப் பின்னணியில் பறக்கும் நத்தைகுத்தி நாரைக்கு நேர்மாறாக +1. உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/500, பறப்பதற்கு 1/2000.

பொன்னொளி நேரத்தை, அதாவது சூரியன் அடிவானத்தை ஒட்டித் தாழ்வாக இருக்கும் நேரத்தைப் பற்றி ஒன்று. மற்ற நாட்டுப் புத்தகங்கள் ஒரு மணி நேரம் என்று சொல்வதை நம்பிக் கிளம்பினால் ஏமாற்றம்தான். சென்னை 13 பாகை அட்சரேகையில் இருக்கிறது. சூரியன் ஏறத்தாழ நேர்குத்தாக மேலேறும். அடிவானத்திலிருந்து 6 பாகை உயர 25 நிமிடம் போதும். உதயத்துக்கு அரை மணி முன்பே இடத்தில் நிற்பவருக்குத்தான் அந்த ஒளி.

கடற்கரை வாரம் (வாரம் 7)

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும். ஆமையை எடுக்கவில்லை, தடத்தைத்தான் எடுத்தோம். இரவில் ஃப்ளாஷோ டார்ச்சோ அடித்தால் ஏறி வரும் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும். குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடல் என்று நினைத்து ஊர்ப்பக்கம் நகரும். விடியலில் தடம் போதும்: முக்கால் மீட்டர் அகலம், இடத் துடுப்பும் வலத் துடுப்பும் மாறி மாறி வாரிப்போட்ட வரி. மணல் மேட்டில் போய்த் திரும்பிய வளைவு ஒரு கொண்டை ஊசி போல விழுந்திருக்கும். உதயத்துக்குப் பிறகு முதல் பத்து நிமிடத்தில், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது ஒவ்வொரு வரியிலும் நிழல் நிற்கும். எட்டு மணிக்கு அதே தடம் தட்டையாகிவிடும். நடைப்பயிற்சிக்காரர்களின் காலடியும் விழுந்திருக்கும். வீடு திரும்பியதும் கேமராவை ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்துணியால் துடைக்க வேண்டும். உப்பை உலர்துணியால் மட்டும் துடைத்தால் கண்ணாடியில் கீறல் விழும்.

பங்குனி முதல் வைகாசி வரை (வாரம் 10–22)

தொடர் அறுந்துபோவதென்றால் இங்கேதான். வலசைப் பறவை போயிருக்கும், பனி இல்லை, ஒன்பது மணிக்கே வெயில் கொளுத்தும். 300 மி.மீ.-ல் கேளம்பாக்கத்தில் எடுத்த பவளக்காலி (நீண்ட சிவந்த காலுள்ள நீர்ப்பறவை) படங்கள் ஒரு வாரம் முழுக்க மங்கலாக வந்தன. லென்ஸைக் குறை சொல்வதற்கில்லை. சூடேறிய சேற்றுக்கு மேல் காற்று அலையும்போது ஒளி வளைகிறது. ஷட்டரை எவ்வளவு கூட்டினாலும் அது தீராது. எட்டரைக்குள் முடித்துவிட வேண்டும், அல்லது பறவை தானாக அருகே வரும்வரை காத்திருக்க வேண்டும். நீர் இறங்கும் காலம் என்பதால் பள்ளிக்கரணையில் பூநாரை நிற்க வாய்ப்பு உண்டு.

உச்சிவெயிலைப் பகையாக நினைக்காமல் பயன்படுத்தியதுதான் இந்த மாதங்களைக் காப்பாற்றியது. பங்குனியில் புங்கமரம் புதுத்தளிர் விடும். மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் பகல் பன்னிரண்டுக்கு ஒவ்வொரு இலையும் விளக்கேற்றியது போல இருக்கும். 70-300-ல் 200 மி.மீ., எஃப்/5.6, வெளிச்ச ஈடு +0.7, நரம்பெல்லாம் தெரியும். பூவரச இலையில் இன்னும் நன்றாக வரும். ஏப்ரல் 24-ஐ ஒட்டி சென்னையில் சூரியன் நேர் உச்சிக்கு வரும் நாளில், செங்குத்தாக நிற்கும் தண்டுக்கு நிழலே விழாது. ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி மறுபடியும் அப்படி. அந்த ஏப்ரல் வாரத்துப் படம் ஒரு எருக்கஞ்செடி. சரக்கொன்றை சித்திரையில் பூத்துத் தொங்கும். மஞ்சள் சீக்கிரம் வெளுக்கும், -0.3 போதும்.

ஜவ்வாது மலைக்கு அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமை, பால்வெளிக்காக. 18 மி.மீ.-ல் 18 நொடி தாண்டினால் நட்சத்திரம் கோடாக இழுபடும் (500-ஐக் குவியத்தூரத்தாலும், ஏபிஎஸ்-சி சென்சாருக்கான 1.5-ஆலும் வகுத்தால் வரும் கணக்கு). எஃப்/3.5, ஐஎஸ்ஓ 3200. ஃபோகஸை லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையில்) ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக் கையால் வைத்து, வளையத்தின் மேல் செல்லோடேப் ஒட்டிவிட வேண்டும். இருட்டில் கை பட்டு நகர்ந்துவிட்டால் அந்த இரவு வீண்.

ஆனி முதல் புரட்டாசி வரை (வாரம் 24–39)

எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை ஏதாவது ஒன்று தெருவில் இருந்தால் மூன்று வாரப் படம் அங்கேயே இருக்கிறது. எலுமிச்சை அழகி பட்டாம்பூச்சி தளிரில் ஒற்றை ஒற்றையாக முட்டையிடும்: வெளிர்மஞ்சள், குண்டூசித் தலை அளவு. மூன்று நான்கு நாளில் புழு. நான்கு பருவம் வரை பறவை எச்சம் போலவே இருக்கும், கறுப்பும் வெள்ளையுமாக; ஐந்தாவதில் திடீரெனப் பச்சை. தொந்தரவு செய்தால் தலைக்குப் பின்னால் சிவந்த கொம்பை நீட்டி நாற்றம் விடும். அந்தப் படத்துக்காகக் குச்சியால் குத்துகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், அது புழுவின் தற்காப்பு, சும்மா செலவழிக்கத் தரப்பட்டதல்ல.

கூட்டுப்புழு இடுப்பில் ஒரு பட்டிழையைக் கட்டிக்கொண்டு தண்டிலிருந்து சாய்ந்து நிற்கும். ஒரு வாரத்துக்கு மேல் எந்த மாற்றமும் தெரியாது. ஓடு கறுத்து, உள்ளே இறகின் மஞ்சள் திட்டுகள் தெரிய ஆரம்பித்தால் மறுநாள் காலை வெளிவரும். முந்தைய இரவே ட்ரைபாடை நிறுத்தி ஃபோகஸ் வைத்துவிட வேண்டும். ஓடு பிளந்து வெளியே வரச் சில நிமிடமே ஆகும். தேநீர் போடப் போனால் போச்சு. வந்தவுடன் இறகு நனைந்த துணி போலச் சுருங்கியிருக்கும், பிறகு மெல்ல விரியும். விரிய மேலே இடம் தேவை. படத்துக்கு மறைக்கிறது என்று கிளையை வளைத்துக் கட்டினால் இறகு மடங்கியே காய்ந்து, அந்தப் பூச்சி பறக்காது.

ஃப்ளாஷ் நேராக அடித்தால் பூச்சியின் முதுகு கண்ணாடி போல மின்னும். வெள்ளை ஃபோம் ஷீட்டை, பார்சலில் வருமே அந்த மெல்லிய ஷீட், இரண்டு மடிப்பாக ஃப்ளாஷுக்கு முன்னால் வளைத்துக் கட்டி, பூச்சிக்கு மேலே கூரை போல வரச் செய்தால் ஒளி பரவும். ஃப்ளாஷ் சக்தி 1/16, ஷட்டர் 1/160, எஃப்/11.

தூக்கணாங்குருவிக்கு இதே பருவம்தான். பனை ஓலையை நீளவாக்கில் கிழித்து, வாயில் வால் போலத் தொங்கவிட்டுக்கொண்டு ஆண் வரும். கூடு பாதி முடிந்து தலைக்கவசம் போல இருக்கும்போது பெண் வந்து பார்க்கும். பிடித்தால்தான் மீதி வேலை. நாரோடு பறந்து வரும் படத்துக்கு, பறவையைத் துரத்தாமல் கூட்டு வாயில் முன்கூட்டியே ஃபோகஸ் வைத்து, 1/1600, எஃப்/6.3-ல் தொடர் ஷட்டர். 15 மீட்டருக்குள் போக வேண்டாம். ஐந்து நிமிடமாகியும் ஆண் நாரோடு திரும்பவில்லை என்றால், நிற்கும் இடம் தப்பு, பின்வாங்க வேண்டும். மறைக்கும் ஓலையை வெட்டவே கூடாது. காகத்துக்கு வழி காட்டியது போலாகும்.

ஐப்பசி, கார்த்திகை (வாரம் 42–50)

முதல் மழைக்கு மறுநாள் செம்மண் தரையில் தம்பலப்பூச்சி. சங்கப் பாட்டில் மூதாய் என்று வருவது இதுதான். அதன் சிவப்பு சென்சாரின் சிவப்பு வரிசையை மட்டும் தனியாக நிரப்பிவிடும். சாதாரண ஹிஸ்டோகிராமில் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) எல்லாம் சரியாகத் தெரிந்தாலும் பூச்சி வெறும் சிவப்புக் குழம்பாக, வெல்வெட் மயிரே தெரியாமல் வந்திருக்கும். மூன்று நிற ஹிஸ்டோகிராமைத் திறந்து பார்த்து -0.7 முதல் -1. செங்காந்தளுக்கும் இதே கணக்கு.

இரவில் தவளை. கொசுவிரட்டிக் களிம்பு தடவிய கையால் தொடக் கூடாது, அதன் தோல் எதையும் உறிஞ்சிக்கொள்ளும். முழங்கால் வரை பூட்ஸ் போடாமல் அந்தப் பருவத்தில் புல்லுக்குள் கால் வைக்க வேண்டாம்.

மழைக்காலத்தில் படத்தைவிட லென்ஸைக் காப்பது பெரிய வேலை. சென்னை ஈரப்பதத்தில் பையிலேயே விட்டுவைத்த கிட் லென்ஸின் உள்கண்ணாடியில் சிலந்திவலை போலப் பூஞ்சை படர்ந்தது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, 200 கிராம் சிலிக்கா ஜெல், உள்ளே சின்ன ஈரமானி. 40 முதல் 50 சதவீதத்தில் நிற்க வேண்டும். நீல ஜெல் இளஞ்சிவப்பானால் அடுப்பில் மிதமான சூட்டில் வாட்டி, ஆறவைத்துத் திரும்பப் போடலாம். சமையல் பாத்திரத்தில் வேண்டாம், தனித் தட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஏசி அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே எடுத்தால் கண்ணாடி முழுக்க ஆவி. பையின் ஜிப்பைத் திறக்காமல் அரை மணி வெளியில் வைத்திருந்த பிறகு எடுக்க வேண்டும்.

கோப்புக் கணக்கு: வாரத்துக்கு 200 ரா ஃபைல் (கேமரா சுருக்காமல் பதியும் மூலக் கோப்பு), ஒன்று 25 எம்பி என்றால் 5 ஜிபி, ஆண்டுக்கு 260 ஜிபி. திங்கட்கிழமைதோறும் 20 படம் மட்டும் வைத்து மீதியை அழித்ததில் 26 ஜிபியில் அடங்கியது. இரண்டு ஹார்ட் டிஸ்கில் நகல்.

52-வது வாரத்துக்கு முதல் வாரத்தின் அதே புல்வெளி, அதே ஆறேகால் மணி, அதே 125 மி.மீ. மழை தள்ளிப்போனதால் புல் முழங்கால் உயரம் நின்றது. தட்டான் நுனியில் இல்லை, நடுத்தண்டில் இருந்தது. அரிசிப் பையை விரித்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் எடுத்தது.