ஓரத்தில் பென்சில் எழுத்து

சேலத்திலிருந்து கிளம்பிய பேருந்து தொப்பூர் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, தருமபுரியைத் தாண்டி, காவேரிப்பட்டணத்தில் என்னை இறக்கிவிட்டபோது மணி பதினொன்று. அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் மாந்தோப்புகளுக்கு நடுவே ஒரு வீடு. வீட்டுக்காரர் ராணுவத்தில் இ.எம்.இ. பிரிவில், அதாவது வண்டிகளையும் கருவிகளையும் பழுதுபார்க்கும் பிரிவில், ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர்.

நான் சேர்ப்பது பழைய ராணுவ மேனுவல்கள். துப்பாக்கி, பதக்கம் பக்கம் போவதில்லை. ஜீப்பை எப்படிப் பிரித்துப் பூட்டுவது, வயர்லெஸ் செட்டை எப்படிப் பராமரிப்பது என்று சிப்பாய்க்குச் சொல்லிக்கொடுத்த புத்தகங்கள்தான் எனக்கு வேண்டும்.

"உட்காருங்க தம்பி, முதல்ல நிப்பட்டு சாப்பிடுங்க" என்று தட்டை வைத்துவிட்டு, டிரங்குப் பெட்டியைத் திறந்தார். மேலாக இருந்தது டி.எம். 9-803. டி.எம். என்றால் டெக்னிக்கல் மேனுவல். 1944 பிப்ரவரியில் அமெரிக்கப் போர்த்துறை வெளியிட்ட ஜீப் மேனுவல். வில்லிஸ் கம்பெனியின் எம்.பி., ஃபோர்டு கம்பெனியின் ஜி.பி.டபிள்யூ. என்ற இரண்டு ஜீப்புக்கும் இதே புத்தகம்தான். ஃபோர்டு கட்டியதும் வில்லிஸ் வடிவமைப்பை வைத்துத்தான்.

இந்த எண்களைப் படிக்கத் தெரிந்தால் புத்தகத்தின் வயது பிடிபடும். அமெரிக்க ராணுவ வண்டிகள் முதலில் பொருள் வழங்கும் குவார்ட்டர் மாஸ்டர் பிரிவின் பொறுப்பில் இருந்தன. அந்தக் கால மேனுவல்களின் எண் 10 என்று தொடங்கும். 1942இல் பொறுப்பு ஆயுதங்களைக் கவனிக்கும் ஆர்ட்னன்ஸ் பிரிவுக்கு மாறியது, எண்ணும் 9 ஆனது. அதனால்தான் ஜீப்பின் முந்தைய மேனுவல் 10-1513, பிந்தையது 9-803. சிக்னல் பிரிவு சாதனங்களுக்கு 11.

என் வீட்டில் இதே புத்தகம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. சுத்தமான பிரதி, மடிப்புகூட இல்லை. ஆனால் இவர் பெட்டியில் இருந்ததைப் புரட்டப் புரட்ட எனக்குக் கை நடுங்கியது. பக்கமெல்லாம் கிரீஸ் ரேகை. ஓரத்தில் பென்சிலில் தமிழ்.

எழுதியது அவருடைய அப்பா. போரில் டிரைவராக இருந்து ஊர் திரும்பியவர், அப்புறம் ஒரு மாந்தோப்புக்காரரிடம் டிஸ்போசலில், அதாவது ராணுவம் கழித்து விற்றதில், வந்த ஜீப்பை ஓட்டினாராம். ஓடும்போதே கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு சிங்க்ரோமெஷ். மூன்று கியர் பெட்டியில் இரண்டுக்கும் மூன்றுக்கும் மட்டும்தான் அது உண்டு, முதல் கியருக்குக் கிடையாது. அந்த இடத்தில் அவர் எழுதியிருந்தது: "ஃபஸ்ட்டு நின்ன பிறகு போடு." இன்ஜினுக்குள் போகும் காற்றின் தூசியை எண்ணெயில் பிடித்துவைக்கும் ஏர் கிளீனர் படத்துக்குப் பக்கத்தில்: "பர்கூர் போய் வந்தால் ஆயில் மாத்து." எங்கோ அமெரிக்காவில் அச்சான புத்தகம் பர்கூர் ரோட்டுத் தூசிக்குத் தன்னைப் பொருத்திக்கொண்ட வரி அது. அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

சேகரிப்பவர்கள் பலர் கறையில்லாத பிரதிக்குத்தான் விலை கொடுப்பார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. மேனுவல் என்பது வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு படிக்க அச்சடித்தது. சில வருடங்களுக்கு முன் ஒரு வயர்லெஸ் மேனுவலை பைண்டிங்குக்குக் கொடுத்தேன். கடைக்காரர் அழகாக இருக்கட்டும் என்று நான்கு ஓரங்களையும் வெட்டிவிட்டார். ஒரு ஆபரேட்டரின் குறிப்புகள் பாதிப் பாதி எழுத்தாகப் போயின. இன்றைக்கும் அதை எடுத்துப் பார்த்தால் மனசு வலிக்கும். அன்றிலிருந்து எதையும் பைண்டிங்குக்குக் கொடுப்பதில்லை. துருப்பிடித்த பின்னைக் கழற்றிவிட்டுப் பருத்தி நூலால் நானே தைக்கிறேன்.

பெட்டியின் அடியில் அவர் பணிக்காலத்து நோட்டுகள் சில இருந்தன. நம் ராணுவம் இன்னும் பயன்படுத்தும் கருவி எதையாவது பற்றியதாக இருக்கலாம் என்று தோன்றியதால் நான் திறக்கவில்லை. "நல்லது தம்பி" என்று அவரே எடுத்து உள்ளே வைத்தார்.

ஜீப் புத்தகத்தை விற்பீர்களா என்று கேட்க வாய் வரவில்லை. பேத்தி பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படிக்கிறாளாம், அவளுக்கென்று வைத்திருக்கிறார். போட்டோ எடுத்துக்கொள்ளச் சொன்னார். வாசலுக்குக் கொண்டுபோய், வெயில் நேரடியாகப் படாத திண்ணையில் வைத்து, ஒவ்வொரு பக்கமாக எடுத்தேன். இரண்டு மணி நேரம் ஆனது.

எடுக்கும்போதுதான் கவனித்தேன், எங்கெங்கே கிரீஸ் அடிக்க வேண்டும் என்று காட்டும் சார்ட் பக்கம் கிழிந்து போயிருந்தது. அப்பா அதைக் கிழித்து ஜீப் ஷெட்டுச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாராம். ஷெட்டு இப்போது இல்லை. என் சுத்தமான பிரதியில் அந்தப் பக்கம் இருக்கிறது. அதே அளவில் நகல் எடுத்து, மாம்பழ சீசனில் கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.