பழைய சீட்டு

சேலத்துக்காரர்கள் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் விடியற்காலையில் பஸ் ஏற வேண்டும். ஆனால் எங்கள் கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் ஒரு கண்ணாடி அலமாரி நிறையக் கடல் சிப்பிகள் உண்டு. எந்தக் காலத்திலோ கல்விச் சுற்றுலா போனவர்கள் அள்ளி வந்தவை. நான் வேலைக்குச் சேர்ந்த வருஷமே அந்த அலமாரியை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

சீட்டுகளில் இருந்த பெயர்கள் எல்லாம் பழசு. ஒன்றில் 'ஆர்கா கிரனோசா' என்று மசியில் எழுதியிருந்தது. உயிர்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் 1758-இல் வைத்த பெயர். அதில் முதல் பாதி பேரினத்தின் பெயர், பின்பாதி இனத்தின் பெயர். முதல் பாதி பிறகு அனடாரா ஆகி, இப்போது டெகில்லார்காவில் நிற்கிறது. பேரினம் மாறினாலும் கிரனோசா மாறவில்லை. கடைசியில் எழுதுகிற லின்னேயஸ் பெயரும் போகாது, அடைப்புக்குறிக்குள் போய்விடும். 'இவர் வைத்த பேரினத்தில் இது இப்போது இல்லை' என்பதற்கு அந்தக் குறிதான் அடையாளம். பிள்ளைகள் அதை அலங்காரம் என்று நினைத்துப் பரீட்சையில் விட்டுவிடுவார்கள்.

சிப்பி ஓட்டைக் கையில் எடுத்தால் பெயர் தானாகப் புரியும். முதுகில் தடித்த வரிகள், வரி நெடுக மணி மணியாகப் புடைப்பு. கிரனோசா என்றால் மணிகள் நிறைந்தது. திருப்பினால் கீல் ஓரமாக ரம்பம் போலப் பொடிப் பற்கள், அதற்குக் கீழே தசை ஒட்டியிருந்த தழும்பு இரண்டு. நிறத்தை நம்பி ஏமாறாமல் இருக்க வேண்டுமென்றால் இந்தப் பல்லையும் தழும்பையும்தான் பார்க்க வேண்டும்.

ஒரே உயிருக்கு இரண்டு பெயர் எப்படி வரும் என்று வகுப்பில் திணறிக்கொண்டிருந்தேன். "கிளிமூக்கும் பெங்களூராவும் ஒரே மாங்காதானுங்களே மேடம்" என்றான் மண்டிக்காரர் மகன் ஒருவன். அதேதான். நம் கரையில் கிடைக்கிற, சாப்பிடுகிற ஆளிச் சிப்பிக்கு 1916-இல் பிரஸ்டன் 'மெட்ராசென்சிஸ்' என்று பெயர் வைத்தார். 1798-லேயே ரோடிங் பெயரிட்ட 'பைலினியேட்டா'தான் அது என்று இப்போது கொள்கிறார்கள். முந்தியவர் வைத்த பெயருக்கே உரிமை. மண்டியில் இந்தச் சட்டம் செல்லாது, இரண்டு பெயரிலும் விலை போகும்.

சரி, எல்லாவற்றையும் திருத்திவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து புதுச் சீட்டு அடித்து ஒட்டினேன். பழசையெல்லாம் கிழித்துக் குப்பையில் போட்டேன். அலமாரி பளிச்சென்று இருந்தது. எனக்கும் பெருமைதான்.

திங்கட்கிழமை ஆய்வக உதவியாளர் அண்ணா வந்து பார்த்தார். "பின்னாடி பென்சில்ல எழுதியிருந்துச்சே, பாத்தீங்களா மேடம்?"

பார்க்கவில்லை. எந்தக் கரை, என்ன தேதி என்றெல்லாம் பின்பக்கத்தில்தான் குறித்து வைத்திருந்தார்களாம். குப்பையை அதற்குள் எரித்துவிட்டார்கள். பெயர் தப்பாக இருந்தால் ஓட்டைப் பார்த்து யார் வேண்டுமானாலும் திருத்தலாம். எந்தக் கடலிலிருந்து வந்தது என்பதை ஓடு சொல்லாது. நாளைக்கு யாராவது இந்த இனத்தை இரண்டாகப் பிரித்தால், முதலில் கேட்பது ஊரைத்தான். என் பெட்டிகளுக்கு ஊர் இல்லை. பஞ்சுக்கு அடியில் மாட்டியிருந்த ஒரே ஒரு சீட்டு தப்பியது. அதில் 'மண்டபம்' என்று இருக்கிறது. மற்றதிலெல்லாம் 'இடம் தெரியவில்லை' என்று நானே எழுதினேன்.

இப்போதும் பெயர்கள் மாறிக்கொண்டேதான் இருக்கின்றன. நான் புதுச் சீட்டோடு போனால் அண்ணா கோந்துப் பாட்டிலை எடுத்துத் தருவார். பழைய சீட்டைத் தானே வாங்கிப் பெட்டிக்கு அடியில் வைத்து, இருக்கிறதா என்று இன்னொரு தரம் பார்த்துவிட்டுத்தான் அலமாரியைப் பூட்டுவார்.