சாமிப்படத்துக்குக் கீழே இருந்த கடிதம்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, யாழ்ப்பாணத்துக் கோப்பாயிலிருந்து ஓர் அம்மா என்னைத் தேடி வந்தார். வயது எண்பதை நெருங்கும். கையில் மடித்த பொலித்தீன் பை, பைக்குள் ஒரு கடிதம். கடித உறையின் மூலையில் திருநீற்றுக் கோடு.

"பிள்ளை, என்ரை மனிசன்ரை பென்சன் எனக்குச் சரிவந்திட்டுதெண்டு வந்த கடிதம். எவ்வளவு எண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லு."

கடிதம் கொழும்பில் உள்ள ஒரு திணைக்களத்திலிருந்து வந்திருந்தது. முழுக்கச் சிங்களம். முத்திரையையும் கையொப்பத்தையும் பார்த்துவிட்டு, நல்ல செய்திதான் என்று அவரே முடிவு செய்து, பிள்ளையார் படத்துக்குக் கீழே வைத்து இரண்டரை மாதமாக விளக்கு வைத்திருக்கிறார். நான் ஒரு முறை வாசித்தேன். வாயைத் திறக்க மனம் வரவில்லை, இன்னொரு முறை வாசித்தேன். கலியாண எழுத்தின் அத்தாட்சிப்படுத்திய பிரதியை முப்பது நாளுக்குள் அனுப்பாவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும் என்று இருந்தது.

நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். முப்பத்தொரு வருடமாக உறுதிகளும் பிறப்புப் பத்திரங்களும் பொலிஸ் முறைப்பாடுகளும் சிங்களத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து சிங்களத்துக்கும் என் விறாந்தை மேசையில்தான் மாறுகின்றன. அந்த அம்மாவுக்கு அந்தக் கடிதம் தமிழில் வந்திருக்க வேண்டும். அது அவருடைய உரிமை. 1987இல் இலங்கை அரசியலமைப்புக்கு வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது. அடுத்த வருடம் வந்த 16ஆவது திருத்தம் வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாகம் தமிழில் நடக்க வேண்டும் என்பதைத் தெளிவாக்கியது. 1991இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கே தனிச் சட்டம் போட்டார்கள். இவ்வளவும் எழுத்தில் இருக்கிறது. அந்தக் கந்தோரில் தமிழில் ஒரு கடிதம் எழுத ஆள் இருந்தாரா என்பதுதான் என் கேள்வி.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. பெறாமகள் சொன்ன கதை ஒன்று திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

அக்காவின் மகள் அவள். ரொறன்ரோவில் வளர்ந்தவள். இரண்டு வருடம் கனடாவின் வடக்கே, இனுயிட் பூர்வகுடிகள் வாழ்கிற நூனாவுட் பிரதேசத்தின் தலைநகரான இக்காலுயிட்டில் ஆசிரியையாக வேலை செய்தாள். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்திருந்தபோது ஒருநாள் பிளேன்ரீ குடித்துக்கொண்டே, கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் ஒரு கூர் வரைந்தாள். ஒரு பக்கம் திறந்த முக்கோணம் மாதிரி.

"சின்னம்மா, இது இனுயிட் ஆக்களின்ரை எழுத்து. கூர் மேலை பாத்தால் 'பி'. வலப்பக்கம் திருப்பினால் 'பு'. இடப்பக்கம் எண்டால் 'ப'."

எனக்குப் பிடிபட்டுவிட்டது. நாங்கள் கொம்பும் விசிறியும் போடுகிற இடத்தில் அவர்கள் எழுத்தையே திருப்பிவிடுகிறார்கள். நம்முடைய உயிர்மெய்தான், வேறு வழியில். "அப்ப வெறும் 'ப்'?" என்று கேட்டேன். அதே எழுத்தைச் சின்னதாக மேலே தூக்கி எழுதினாள். மேலே ஒரு புள்ளியும் வைத்துக் காட்டினாள். நம் புள்ளி உயிரை எடுத்துவிடும். அவர்களுடைய புள்ளி உயிரை நெடிலாக்கும். பனி உறைந்த ஊர் ஒன்றில் யாரோ ஒரு பிள்ளை 'பி'யையும் 'பீ'யையும் பிரித்தெழுதப் பழகுகிறது என்று நினைத்தபோது எனக்கு உடம்பு புல்லரித்தது. அந்தப் பில்லை இன்னும் எறியவில்லை.

ஆனால் அவள் சொல்ல வந்தது வேறு. அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் சின்ன வகுப்புகளில் தங்கள் தாய்மொழியான இனுக்டிடுட்டில் படித்தவர்கள். அவளிடம் வரும்போது பாடம் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டது. ஒரு பையன் முதல் மூன்று மாதம் வகுப்பில் வாயே திறக்கவில்லையாம். பிறகு திறந்தான், ஆங்கிலத்தில். அடுத்த வருடம் அவனுடைய பாட்டி வந்து, வீட்டிலும் அவன் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்கிறான் என்று இவளிடம் சொல்லியிருக்கிறார். அதையும் ஒரு பிள்ளைதான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

நூனாவுட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 2008இலேயே இனுயிட் மொழிப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். முதலில் சின்ன வகுப்புகள், 2019க்குள் எல்லா வகுப்புகளுக்கும் தாய்மொழிக் கல்வி என்று திகதி குறித்த சட்டம். திகதி வந்தது, ஆசிரியர்கள் போதவில்லை. 2020இல் சட்டத்தைத் திருத்தி, கடைசி வகுப்புக்கான தவணையை 2039 வரை தள்ளினார்கள். இன்றைக்கு முதலாம் வகுப்பில் இருக்கிற பிள்ளை அதற்குள் பள்ளிக்கூடத்தையே முடித்துவிடும்.

கனடா முழுவதற்குமான பூர்வகுடி மொழிகள் சட்டம் 2019 ஜூன் 21இல் நிறைவேறியது. அதற்கு முன்னால் இருக்கிற கதை கொடியது. குறைந்தது 1,50,000 பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் அடைத்தார்கள். தாய்மொழி பேசினால் அடி. அந்தக் கொடுமையை விசாரித்த உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2015இல் 94 பரிந்துரைகளை வைத்தது. மொழிச் சட்டமும் மொழி ஆணையாளரும் வேண்டும் என்பது அவற்றில் உண்டு. நான்கு வருடத்தில் இரண்டுக்கும் சட்டத்தில் இடம் கிடைத்தது. ஆனால் இனுயிட் தலைவர்கள் அந்தச் சட்டத்தை ஏற்கவில்லை. தங்கள் மொழியில் அரச சேவை பெறுகிற உரிமை அதில் இல்லை என்பது அவர்கள் குறை. நான் அவர்கள் பக்கம்தான் நிற்பேன். மொழியைப் போற்றுகிறோம் என்று எழுதுவது சுலபம். ஆஸ்பத்திரிக் கவுண்டரில் அந்த மொழி தெரிந்த ஒருவரை இருத்துவதற்குக் காசு வேண்டும், பயிற்சி வேண்டும், பத்துப் பதினைந்து வருடப் பொறுமை வேண்டும்.

நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாஓரி மக்கள் செய்தது எனக்கு மிகவும் பிடிக்கும். 1972இல் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளோடு தங்கள் மொழிக்காகப் பாராளுமன்றத்துக்கு மனுக் கொண்டுபோனார்கள். அரசாங்கம் ஆறுதலாக யோசித்துக்கொண்டிருந்தபோது, 1982இல் தாங்களே பாலர் பள்ளிகளைத் திறந்துவிட்டார்கள். 'மொழிக்கூடு' என்று பெயர். மொழி தெரிந்த பாட்டிமாரையும் தவழ்கிற பிள்ளைகளையும் ஒரே கூரைக்குக் கீழே இருத்தினார்கள். மாஓரியை அரசகரும மொழியாக்கிய சட்டம் 1987இல்தான் வந்தது. அது வந்தபோது அந்த மொழியில் பேசுகிற குழந்தைகள் ஏற்கெனவே இருந்தார்கள்.

எங்களுக்கும் 1987தான். எங்களிடம் பேசுகிறவர்களுக்குக் குறைவே இல்லை. குறைவு கந்தோருக்குள்.

சட்டம் ஒரு வீட்டுக்குள் வந்து என்ன செய்யும் என்பதை நான் பிறக்க முன்னமே எங்கள் வீடு பார்த்துவிட்டது. அப்பா கொழும்பில் அரசாங்க எழுதுவினைஞர். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1961 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து முழுமையாக அமுல். சிங்களப் பரீட்சை எடுக்காதவர்களுக்குச் சம்பள உயர்வு நின்றது. அப்பா எடுக்கவில்லை. அந்த வருடம் பெப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரி (மாவட்ட அரச அலுவலகம்) வாசலில் சத்தியாக்கிரகம் தொடங்கியபோது அம்மா போய் நிலத்தில் இருந்தவர். பழைய பூங்காப் பக்கம் அந்தக் கச்சேரியின் இடிந்த சுவர்கள் இப்போதும் நிற்கின்றன, போகும்போதெல்லாம் சைக்கிளை மெதுவாக்குவேன். 1958இல் தமிழுக்கென்று ஒரு சட்டம் போட்டார்கள். அதை நடைமுறைப்படுத்தும் ஒழுங்குவிதிகள் வர 1966 ஆகிவிட்டது. அதற்குள் அப்பா வேலையை விட்டு ஊருக்கு வந்து, தோட்டம் செய்யத் தொடங்கியிருந்தார்.

அப்பா செத்து எட்டு நாளுக்குப் பிறகு அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். அடியில் ஒரு கொப்பி. முதல் பக்கத்திலிருந்து வரிசை வரிசையாகச் சிங்கள எழுத்துகள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உருட்டி உருட்டி. பதினேழு பக்கம். பதினெட்டாவது பக்கத்தில் பாதி வரியோடு நின்றுவிட்டது. எந்த இரவில் தொடங்கினார், எந்த இரவில் மூடிவைத்தார், ஒருவருக்கும் சொல்லவில்லை. அந்த மொழியில் அவருக்குக் கோபம் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். கட்டாயப்படுத்தியதுதான் கையை நிறுத்தியது. நான் விரும்பிப் படித்தேன், அதே மொழி எனக்குச் சோறு போடுகிறது.

இதை எழுதும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை. நாங்கள் எங்கள் காயத்தைப் பற்றி நிறையப் பேசுகிறோம். கிழக்கில் வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர்கள் இன்று பேசுவது தமிழ். வேடர்களின் இன்னோர் ஊரான தம்பானையில் சிங்களம் சூழ்ந்திருக்கிறது. இந்த நாட்டின் ஆதிக்குடிகளுடைய மொழியை இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு பெரிய மொழிகள் அணைத்து விழுங்கியிருக்கின்றன, அதில் ஒன்று எங்களுடையது. அரசியலமைப்பின் மொழி அத்தியாயத்தில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று பெயர்கள்தான். நான்காவதாக ஒரு பெயரைச் சேர்க்கச் சொல்லி யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குரல் கிளம்பினால் எவ்வளவு நன்றாக இருக்கும். மனுக் கொடுக்க ஆள் சேர்த்தால் என் கையெழுத்து முதல் கையெழுத்து. அந்தச் சட்டத்தில் எத்தனை ஆசிரியருக்குப் பயிற்சி, எந்த வருடம் எவ்வளவு காசு, தவறினால் யார் பதில் சொல்வது என்பதையும் எழுதவேண்டும் என்று அடம்பிடிப்பேன். பெறாமகளின் கதை கேட்ட பிறகு அதை விட்டுக்கொடுக்க ஏலாது.

சரி, கோப்பாய் அம்மாவிடம் வருகிறேன். திங்கட்கிழமை நாங்கள் இருவரும் பிரதேச செயலகத்துக்குப் போய்க் கலியாண எழுத்தின் பிரதி எடுத்தோம். அங்கே எல்லாம் தமிழில் நடந்தது, அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு கடிதம் எழுதினேன். திணைக்களத்துக்கு ஒன்று: தவணை கடந்ததற்கான காரணம், உங்கள் கடிதம் இவருக்கு விளங்காத மொழியில் வந்தது. அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு இன்னொன்று, முறைப்பாடு. இரண்டையும் எனக்குச் சிங்களத்தில் எழுத முடியும். எழுதியிருந்தால் வேலையும் கெதியாக முடிந்திருக்கலாம். அதை அவரிடமே கேட்டேன்.

"என்ரை கடிதம்தானே பிள்ளை. நான் வாசிச்சுப் பாத்துக் கையெழுத்து வைக்கவேணும். தமிழிலை எழுது."

எழுதினேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு கடிதத்தையும் வரி வரியாக விரல் வைத்து வாசித்தார். ஓரிடத்தில் நிறுத்தி, கணவரின் பெயரில் ஒரு 'ன்'னை 'ண்' ஆகத் திருத்தச் சொன்னார். திருத்தினேன். கையெழுத்து வைத்தார். பதிவுத் தபாலில் போட்டுவிட்டு வந்தோம். பற்றுச்சீட்டு இரண்டும் இப்போது அந்தப் பொலித்தீன் பையில் அவரிடம் இருக்கின்றன. பதில் வந்தால் பிரிக்காமல் நேரே என்னிடம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.