விதைப்பைக்குள் ஒரு பம்ப்

பிராஸ்டேட் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் பெரும்பாலோருக்கு மூத்திரக் கசிவு சில மாதங்களில் அடங்கிவிடும். எனக்கு ஒரு வருஷம் தாண்டியும் அடங்கவில்லை. இடுப்புத் தசையை இறுக்கிப் பிடித்து விடும் கீகல் பயிற்சியைக் காலையும் மாலையும் செய்துபார்த்தாயிற்று. படுத்திருக்கும்வரை பிரச்சினை இல்லை. எழுந்து நின்றால் போச்சு. இருமினால், தும்மினால், குனிந்து வாளியைத் தூக்கினால் நனைந்துவிடும். வேட்டி கட்டுவதை நிறுத்தினேன். கறுப்பு, கருநீலம் தவிர வேறு நிறத்தில் பேண்ட் போடுவதில்லை. கல்யாண வீடுகளில் மொய் எழுதிவிட்டுப் பந்திக்கு உட்காராமல் நழுவிவிடுவேன்.

திருச்சியில் நான் காட்டிய டாக்டர், “வயசாச்சுல்ல சார், டயபர் போட்டுக்குங்க” என்று முடித்துவிட்டார். சென்னையில் வேறொரு யூராலஜிஸ்டை, அதாவது மூத்திரப் பாதை டாக்டரைப் பார்த்தபோதுதான் மூத்திரக் குழாய்க்குச் செயற்கை வால்வு என்று ஒன்று இருப்பதே தெரிந்தது. புதுச் சரக்கு ஒன்றும் இல்லை. பிராண்ட்லி ஸ்காட் என்ற டாக்டர் அமெரிக்காவில் ஹூஸ்டனில் 1972இலேயே முதல் கருவியைப் பொருத்தியிருக்கிறார். இன்று பெரும்பாலும் போடுகிற ஏஎம்எஸ் 800 என்ற மாடலும் 1980களில் வந்ததுதான். இவ்வளவு பழைய வைத்தியம் காதில் விழ எனக்கு இத்தனை காலம் ஆனதில் இன்னமும் எரிச்சல் உண்டு.

பிராஸ்டேட்டை எடுக்கும்போது அதை ஒட்டியிருக்கும் சுருக்குத் தசை அடிபடுகிறது. மூத்திரத்தைப் பிடித்து வைப்பது அந்தத் தசைதான். அதன் வேலையைக் கருவி எடுத்துக்கொள்கிறது. மூத்திரக் குழாயைச் சுற்றி ஒரு பட்டை, அதை கஃப் என்பார்கள். அடிவயிற்றுக்குள் ஒரு சின்ன பலூன். விதைப்பைக்குள் ஒரு பம்ப். மூன்றையும் மெல்லிய டியூப்கள் இணைக்கின்றன, உள்ளே ஓடுவது சலைன் என்கிற உப்புநீர். பட்டையில் சலைன் நிறைந்திருக்கும்வரை குழாய் மூடியிருக்கும். பம்பை அமுக்கினால் சலைன் பலூனுக்குப் போய்விடும், குழாய் திறக்கும். அப்புறம் நாம் ஒன்றும் செய்ய வேண்டாம். பலூனின் அழுத்தத்தில் சலைன் தானாகவே திரும்பி வந்து இரண்டு மூன்று நிமிஷத்தில் பட்டையை மூடிவிடும். பேட்டரி இல்லை, வயர் இல்லை. நான் பஸ் பணிமனையில் பிரேக் செக்‌ஷனில் வேலை பார்த்தவன். டாக்டர் படம் போட்டு விளக்க ஆரம்பித்ததுமே, “ஹைட்ராலிக் சிஸ்டம்தானே சார்” என்று கேட்டுவிட்டேன். அன்றைக்கே பாதிப் பயம் போய்விட்டது.

ஆபரேஷனுக்கு முன் நிறைய டெஸ்ட். ஒரு நாள் முழுக்க நனைந்த பேடுகளைச் சேர்த்து எடை போட்டுக் கொண்டுவரச் சொன்னார்கள். சமையலறைத் தராசைத் தொடக் கூடாது என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் புதிதாக ஒன்று வாங்கினோம். உள்ளே கேமரா விட்டு, பழைய தையல் இருந்த இடத்தில் சுருக்கம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். மூத்திரப்பை எவ்வளவு பிடிக்கிறது, தானாகச் சுருங்குகிறதா என்று ஒரு டெஸ்ட். டாக்டர் மேஜை டிராயரிலிருந்து மாதிரிப் பம்ப் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்து, பார்க்காமலே அமுக்கச் சொன்னார். விரலில் தெம்பும் தொட்டுணர்வும் இல்லாதவருக்குப் போட்டுவிட்டால் வீட்டில் இன்னொருவர்தான் ஒவ்வொரு தடவையும் அமுக்கிவிட வேண்டும். கருவி வெளிநாட்டுச் சரக்கு, லட்சக்கணக்கில் ஆகும். இன்சூரன்ஸ்காரர்களோடு நடந்த கடிதப் போக்குவரத்தை எழுதினால் தனிப் புராணம். கடைசியில் பாதி கொடுத்தார்கள்.

ஆபரேஷன் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விதைப்பைக்குப் பின்னால் ஒரு தையல், அடிவயிற்றில் ஒரு தையல், ஒரு ராத்திரி மூத்திர டியூப். வீக்கமும் கருநீலமும்தான் கொஞ்சம் மிரட்டின.

அதற்குப் பிந்திய வாரங்களை யாரும் சரியாகச் சொல்லித் தருவதில்லை. பட்டையைத் திறந்த நிலையிலேயே பூட்டித்தான் அனுப்புவார்கள். புண் ஆறும்வரை, ஆறு வாரம் போல, கருவி வேலை செய்யாது. அதுவரை பழைய கசிவு, பழைய டயபர். இவ்வளவு செலவு செய்து, வலியும் பட்டு, காலையில் எழுந்ததும் அதே ஈரம். “சரியாயிடுச்சா?” என்று போன் செய்கிற சொந்தக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது? மனைவிதான் சமாளித்தாள்: “இன்னும் சுவிட்ச் போடலைங்க.” அந்த வாரங்களில் எனக்கு இருந்த ஒரே வேலை, வெந்நீரில் குளிக்கும்போது பம்பை மெதுவாகக் கீழே இழுத்துவிடுவது. அது மேலே ஏறி ஒட்டிக்கொண்டால் பின்னால் பிடிக்க முடியாது.

ஆக்டிவேட் செய்த நாளில் டாக்டர் பம்பை ஒரு அழுத்து அழுத்தினார். சுருக்கென்று வலித்தது. சில நிமிஷம் கழித்து, “எந்திரிச்சு நின்னு இருமுங்க” என்றார். இருமினேன். பேடைத் தொட்டுப் பார்த்தேன், உலர்ந்திருந்தது. இன்னும் பலமாக இருமச் சொன்னார். அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்த மகன் எனக்கு என்னவோ ஆகிவிட்டதென்று எட்டிப் பார்த்தான்.

பழகியது அப்புறம்தான். பம்ப் வழுக்கும். ஒரு கையால் அதற்கு மேலே உள்ள டியூபைப் பிடித்துக்கொண்டு, மறு கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கீழ்ப்பகுதியை அமுக்க வேண்டும். பக்கவாட்டில் ஒரு குட்டிப் பொத்தான் தட்டுப்படும். அது பூட்டு, அதைத் தொடக் கூடாது. இரண்டு மூன்று அமுக்கில் பம்ப் தட்டையாகி, மேலே எழும்பாமல் நிற்கும். பட்டை காலி என்று அர்த்தம். மூத்திரம் தாராளமாக வரும். பாதியில் மூடிக்கொண்டால் திரும்பவும் அமுக்கலாம்.

முடிந்த பிறகுதான் பொறுமை வேண்டும். பட்டை மூடுவதற்குள் பேண்டை ஏற்றிவிட்டால் மிச்சச் சொட்டு அதில்தான் விழும். வரிசையாக நின்று போகிற இடத்தில், வேலையை முடித்துவிட்டு அசையாமல் நின்றால் பின்னால் நிற்பவர் தொண்டையைச் செருமுவார். அதனால் எங்கே போனாலும் கதவுள்ள கழிப்பறைதான். பஸ் நிற்கும் ஹோட்டல்களில் காசு கேட்பவரிடம் “ரெண்டுக்கு” என்று சொல்லிக் கூடுதலாகக் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

ரயில் வேறு மாதிரிச் சோதனை. சென்னை செக்கப்புக்கு ராக்ஃபோர்ட் எக்ஸ்பிரஸில் போவது வழக்கம். ஆடுகிற கழிப்பறையில் கம்பியைப் பிடிக்க ஒரு கை, பம்புக்கு இரண்டு கை. மூன்றாவது கைக்கு எங்கே போவது? முதுகைக் கதவில் சாய்த்துக் காலை அகட்டி நிற்கப் பழகிக்கொண்டேன். விழுப்புரத்தில் வண்டி நிற்கும்போது முடித்துவிடலாமென்றால், ஸ்டேஷனில் நிற்கையில் போகக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இப்போதெல்லாம் பயோ டாய்லெட் வந்துவிட்டதால் அந்தப் பலகையை நான் மதிப்பதில்லை.

நூறு சதவீதம் உலர்ந்துவிடும் என்று நினைத்துப் போக வேண்டாம். பலூனின் அழுத்தம் பொதுவாக 61 முதல் 70 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அடியில் இருக்கிற அழுத்தம். அதைவிட இறுக்கினால் குழாய்க்கு ரத்த ஓட்டம் குறைந்து சதை மெலியும். ஆகவே பலமான தும்மல் வந்தால் பட்டையை மீறி ஒன்றிரண்டு சொட்டு வரத்தான் செய்யும். சாயங்காலம் களைத்திருக்கும்போது, தரையிலிருந்து எழும்போது வரும். ஒரு மெல்லிய பேட் போதும். முன்பு ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட்டே காலியாகும்.

தரையில் சம்மணம் போடலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். போடலாம், மணிக்கணக்கில் வேண்டாம் என்றார். பட்டை இருப்பது சரியாக உட்காரும் இடத்தில்தான். சைக்கிளை மறந்துவிடச் சொன்னார். ஸ்கூட்டரில் கடைக்குப் போய்வரலாம், கரூர்வரை போகக் கூடாது. பந்தியில் இப்போது உட்கார்ந்து சாப்பிடுகிறேன். வேட்டியும் திரும்ப வந்துவிட்டது, வேட்டியில் பம்பைப் பிடிப்பது பேண்டைவிடச் சுலபம்.

உண்மையான ஆபத்து கருவியிடம் இல்லை, அதைப் பற்றித் தெரியாத ஆஸ்பத்திரிகளிடம் இருக்கிறது. சென்ற வருஷம் குளியலறையில் வழுக்கிக் கால் எலும்பு முறிந்து அவசரப் பிரிவில் கிடந்தேன். ஒரு சிஸ்டர் மூத்திரம் எடுக்கிற டியூபோடு வந்து, “தாத்தா, கொஞ்சம் காலை விரிங்க” என்றார். வேண்டாம், உள்ளே வால்வு இருக்கிறது என்றேன். இதய வால்வு என்று நினைத்துக்கொண்டு, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சமாதானம் சொன்னார். மூடிய பட்டைக்குள் டியூபைத் திணித்தால் குழாய் கிழியலாம். பட்டை அரித்து உள்ளே வந்துவிட்டால் முழுக் கருவியையும் வெளியே எடுக்க வேண்டியதுதான். எனக்குள் இந்தக் கருவி இருப்பதைச் சொல்லும் கார்டு பர்ஸில் இருந்தது, அதை டியூட்டி டாக்டரிடம் காட்டினேன். சின்னப் பையன், மொபைலில் தேடிப் படித்தார். சென்னை டாக்டருக்குப் போன் போட்டோம். “முதல்ல பட்டையைத் திறந்து பூட்டணும். 12 சைஸ் டியூப் போதும், வேலை முடிஞ்சதும் எடுத்துடணும்” என்றார். வலியோடு நானேதான் பம்பை அமுக்கினேன். அரை நிமிஷம் போல விட்டு, பம்பில் கொஞ்சம் சலைன் ஏறியதும் பொத்தானை அழுத்தினேன். பம்ப் காலியாக இருக்கும்போதே பூட்டிவிட்டால் திரும்பத் திறப்பது கஷ்டம்.

அந்தக் கார்டு அதுவரை இங்கிலீஷில் மட்டும் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் தமிழில் ஒன்று எழுதி லேமினேட் செய்தேன்: “இவருக்குச் செயற்கை மூத்திர வால்வு பொருத்தப்பட்டிருக்கிறது. வால்வைத் திறந்து பூட்டாமல் டியூப் போடக் கூடாது.” கீழே யூராலஜிஸ்டின் நம்பர். பர்ஸில் ஒன்று, மனைவியின் கைப்பையில் ஒன்று, ஸ்கூட்டர் டிக்கியில் ஒன்று. நான் மயங்கிக் கிடந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று மருமகளுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். முதலில் இருவருக்குமே கூச்சம், பேசி முடித்தபின் இல்லை.

இப்போது சென்னை டாக்டர், இந்த வால்வைப் போடலாமா என்று யோசிக்கிற நோயாளிகளிடம் என் நம்பரைக் கொடுக்கிறார். பம்ப் வெளியே தெரியுமா என்பார்கள். தெரியாது. ஏர்போர்ட்டில் கத்துமா? எனக்குக் கத்தியதில்லை. ஆயுசுக்கும் வருமா? வராது, பத்து வருஷ வாக்கில் பலருக்குப் பழுதுபார்க்கவோ மாற்றவோ வேண்டிவரும். கதிர்வீச்சு வாங்கியவர்களுக்குப் பட்டை அரிக்கிற அபாயம் கூடுதல் என்பதால் அதை டாக்டரிடம் துருவிக் கேளுங்கள் என்பேன். கடைசியில் சுற்றி வளைத்துத் தாம்பத்தியத்துக்கு வருவார்கள். பெண்டாட்டி பக்கத்தில் இருந்தால் வராண்டாவுக்குப் போய்க் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். கருவி அதற்குத் தடையில்லை, ஆக்டிவேட் ஆகும்வரை மட்டும் பொறுத்திருங்கள், மற்றதெல்லாம் பிராஸ்டேட் ஆபரேஷனில் நரம்பு எவ்வளவு தப்பித்தது என்பதைப் பொறுத்தது என்று சொல்லிவிடுவேன்.