மேற்பரப்பு அலை மாதிரிகளை ஒப்பிடப் போகிறவர்களுக்கு

பேராதனையில் புவிச்சரிதவியல் இறுதியாண்டு ஆய்வுக்கு நிலநடுக்கத்தில் நிலத்தின் மேற்பரப்பை ஒட்டி ஓடும் அலைகளின் வேகத்தைக் கணிக்கும் மாதிரிகளை உண்மைப் பதிவுகளோடு ஒப்பிடும் தலைப்பை எடுக்கலாமா என்று தம்பி, தங்கைமார் கேட்கிறார்கள். தாராளமாக எடுங்கள். தரவு கேட்டு யார் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. கண்டிக்குப் பக்கத்தில் பல்லேகலை நிலநடுக்கப் பதிவு நிலையத்தின் பதிவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2004 சுமாத்திரா நடுக்கத்தின் மேற்பரப்பு அலைகள் வந்தபோது அந்த நிலையத்தடி நிலம் 9 சென்ரிமீற்றருக்கு மேல் ஏறி இறங்கியிருக்கிறது.

அடிப்படை இதுதான். மேற்பரப்பு அலைகளில் ஒரு வகையான றேலி அலையின் ஆவர்த்தனகாலம் (ஒரு முறை ஏறி இறங்க எடுக்கும் நேரம்) 20 செக்கன் என்றால், அதன் வேகத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது புவியோடு, அதாவது பூமியின் வெளிப்புறப் பாறை ஓடு. 100 செக்கன் அலை அதற்குக் கீழே, மான்டிலுக்குள் நூறு கிலோமீற்றர் ஆழத்தையும் தொட்டுப் பார்க்கும். எனவே ‘இந்த மாதிரி நல்லதா?’ என்று மொட்டையாகக் கேட்கக் கூடாது; எந்த ஆவர்த்தனகாலத்துக்கு, எந்தப் பாதைக்கு என்று கேட்க வேண்டும்.

1600 கிலோமீற்றர் தொலைவிலுள்ள நடுக்கம் ஒன்றை எடுப்போம். ஒரு மாதிரி கூட்டுவேகம் (அலைக்கூட்டம் ஒட்டுமொத்தமாக நகரும் வேகம்) செக்கனுக்கு 3.2 கிலோமீற்றர் என்றால் அலை 500 செக்கனில் வரும். 3.1 என்று சொல்லும் மாதிரிப்படி 516 செக்கன் ஆகும். பதிவை அந்த ஆவர்த்தனகாலத்துக்கு வடிகட்டிப் பார்த்தால் உண்மை எந்த மாதிரியின் பக்கம் என்று தெரிந்துவிடும். கருவியின் துலங்கலை, அதாவது கருவியே பதிவில் ஏற்படுத்தும் மாற்றத்தை, முதலில் நீக்கிவிடுங்கள். ஆழம் குறைந்த நடுக்கங்களையே தெரிவு செய்யுங்கள்.

இனித்தான் முக்கியமான இடம். சுமாத்திராப் பக்கமிருந்து வரும் அலை வங்காள விரிகுடாவின் தடித்த படிவுகளைக் கடக்கிறது. குறுகிய ஆவர்த்தனகாலங்களில் அது நன்றாகவே மெதுவாகும். இமயமலையிலிருந்து வருவது பழைய இந்தியக் கண்டப் பாறை வழியே வருகிறது. ஒரு பாதையில் மாதிரி முந்தி, மற்றதில் பிந்தினால், சராசரி வழு (கணித்த நேரத்துக்கும் பதிவான நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்) பூச்சியத்துக்குக் கிட்ட வந்துவிடும். அறிக்கையில் பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் மாதிரி இரண்டு பாதையிலும் பிழை! வழுவைப் பாதைவாரியாகப் பிரித்துக் காட்டுங்கள்.

உலக மாதிரிகள் நிலத்தைப் பிரிக்கும் கட்டங்களின் அளவையும் பாருங்கள். ஒரு பாகை என்றால் ஏறக்குறைய 110 கிலோமீற்றர். மலையகத்து ஹட்டனும் கரையோரக் காலியும் ஒரே கட்டத்துக்குள் விழும். மலையகத்தின் அடியில் புவியோடு 40 கிலோமீற்றர் வரை தடித்திருப்பதும், கரைப்பக்கம் மெலிவதும் அதில் எப்படித் தெரியும்?

வாய்மொழிப் பரீட்சையில் நிச்சயம் வரும் கேள்வி: “சோதித்த தரவு மாதிரியைக் கட்டவும் பயன்பட்டதா?” பல்லேகலை பழைய நிலையம் என்பதால் பல மாதிரிகளுக்குள் அதன் பதிவுகள் ஏற்கனவே போயிருக்கக்கூடும். மாதிரி வெளிவந்த பிறகு நடந்த நடுக்கங்களாகத் தெரிவு செய்து, அந்தத் திகதிகளை முதல் அட்டவணையிலேயே போட்டுவிடுங்கள்.