சரி லா அண்ணே

எங்கள் குழுவிலிருந்து உருமி மேளத்தை எடுத்துவிடலாம் என்று சொன்னது நான்தான். பையன்களுக்குள் இப்போது கதை வேறு மாதிரி ஓடுகிறது. பேஸ் வாசிக்கிறவன் சொன்னான் என்கிறார்கள், பாடகன் சொன்னான் என்கிறார்கள். எல்லா மைக்கின் சத்தத்தையும் கலக்கிற மிக்சருக்குப் பின்னால் நின்றவன் நான். வாயைத் திறந்தவனும் நான்.

கோலாலம்பூரில் ஏழு குழுக்கள் வாசிக்கிற இரவு அது. எங்கள் சுங்கை சிப்புட் ஊர்ப் பையன்களுக்கு 20 நிமிடம், நான்கு பாட்டு. குழு மாறுவதற்கு 10 நிமிடம். கடைசியாக ஏறுகிற குழுவுக்கு மட்டும்தான் மாலையில் முழு சவுண்ட் செக். மற்றவர்களுக்கு லைன் செக். ஒவ்வொரு மைக்கிலும் சத்தம் வருகிறதா என்று பார்க்கலாம், நன்றாக வருகிறதா என்று பார்க்க நேரம் இருக்காது. மேடையில் யார் எங்கே நிற்பார்கள் என்ற படமும், எந்த சேனலில் எது என்ற பட்டியலும் முன்கூட்டியே கேட்டிருந்தார்கள். தருவது 12 சேனல். டிரம் செட்டுக்குக் கிக் ஒன்று, ஸ்னேர் ஒன்று, டாம் இரண்டு, தலைக்கு மேல் ஒரு மைக், பேஸ் ஒன்று, கிட்டார் இரண்டு, குரல் இரண்டு. ஆக மொத்தம் பத்து. உருமியின் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு. கணக்கு சரியாகத்தான் வந்தது. சேனல் போதாமல்தான் எடுத்தேன் என்று சில பேரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய்.

உண்மையான காரணம் ஊளை. ஸ்பீக்கரில் வந்த சத்தத்தையே மைக் திரும்ப வாங்கிக் கத்துகிற கத்தல்.

கோயில் திருவிழாவில் உருமிக்கு மைக் வைக்க வேண்டிய அவசியமே வராது. நாலு உருமி சேர்ந்தால் பக்கத்துத் தாமான் குடியிருப்பில் தூங்குகிறவன் எழுந்துவிடுவான். ஆனால் ஒற்றை உருமியை டிரம் செட்டுக்கும் இரண்டு கிட்டார் ஆம்ப்புக்கும் நடுவில் நிறுத்திப் பாருங்கள், காணாமல் போய்விடும். மைக் வைத்தே ஆக வேண்டும். மெல்லிய குச்சியால் அடிக்கிற பக்கம் சுலபம். ஒரு எஸ்எம்57 மைக்கை நாலு விரற்கடை தள்ளி வைத்தால் போதும். வளைந்த குச்சியால் தேய்க்கிற பக்கம்தான் ஆளைக் கொல்லும். அந்த உறுமல் பேஸ் கிட்டார் இருக்கிற அதே இடத்தில் வந்து உட்காருகிறது. கிக், பேஸ் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த சத்தத்தை வெட்டிவிடுவது எங்கள் வழக்கம். உருமிக்கு அப்படி வெட்டினால் மிஞ்சுவது பிஸ்கட் டின். வெட்டாமல் விட்டாலோ, வாசிக்கிறவர்கள் கேட்பதற்காக மேடையில் வைக்கிற ஸ்பீக்கரான மானிட்டரிலிருந்து வருகிற சத்தத்தில் அந்தத் தோலே அதிர்கிறது, அந்த அதிர்வை மைக் வாங்கித் திரும்ப மானிட்டருக்கே அனுப்புகிறது. போதாததற்கு, வாசிக்கிறவன் உருமியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆடுகிறான், மைக் ஸ்டாண்ட் ஆடுவதில்லை. 10 சென்டிமீட்டர் 20 ஆனால் 6 டெசிபல் போச்சு. போனதை ஈடுகட்ட கெயினை, அதாவது மைக்கின் சத்த அளவை, ஏற்றினால் ஊளை.

மூன்றாவது பாட்டில், உருமி உள்ளே வருகிற இடத்தில், ஒத்திகையில் நாலு முறை ஊளையிட்டது. ஒவ்வொரு சுருதி அளவையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற கிராஃபிக் ஈக்யூவில் 160 ஹெர்ட்ஸை 6 டெசிபல் இறக்கினேன். 200ஐயும் இறக்கினேன். ஐந்தாவது முறையும் ஊளை. இரவு மணி பதினொன்று, மறுநாள் காலையில் வேன். ஏறக்குறைய 230 கிலோமீட்டர் தள்ளி, முன்பின் தெரியாத மேடையில், 10 நிமிடத்தில் இதை யார் சரிசெய்வது?

“தம்பி, உருமி சத்தத்த இப்பவே ரெக்கார்ட் பண்ணி பேட்ல ஏத்திடலாம். அங்க போயி அமுக்கினா போதும்.” பேட் என்பது, தட்டினால் பதிவு செய்த சத்தத்தை எழுப்புகிற பலகை.

“அப்ப நான் எங்கண்ணே நிக்கிறது?” என்றான் உருமிக்காரன்.

மேடைப் படத்தைப் பற்றிக் கேட்கிறான் என்று நினைத்தேன். தாளில் மார்க்கர் பேனாவால் ஒரு கட்டம் போட்டுக் காட்டினேன். “பேஸ் ஆம்ப் பக்கத்துல. பேட் ஸ்டாண்ட் நான் தாறேன்.”

“சரி லா அண்ணே.”

அவ்வளவுதான் பேச்சு. இதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நம் ஊரில் ‘சரி லா’ என்றால் சம்மதம் என்றும் பொருள், ‘விடுங்க, உங்ககிட்ட பேசி என்ன ஆகப்போவுது’ என்றும் பொருள். ‘லா’வை இழுக்கிற இழுப்பில்தான் எது என்று தெரியும். அப்போது எனக்கு ஒரு காதில் ஹெட்போன்; மறு காதில் கேட்டது சொல் மட்டும்தான். இழுப்பு ஞாபகத்தில் இல்லை.

அன்று இரவே ஆறு துண்டு பதிவு செய்தோம்: இரண்டு அடி, நாலு தேய்ப்பு. குட்டை, நீளம், ஏறுவது, இறங்குவது. பேட்டின் சத்தம், மைக் இல்லாமல் நேராக மிக்சருக்கு அனுப்புகிற டிஐ பாக்ஸ் வழியாக ஒரே சேனலில் போகும், அடாப்டர் இரைந்தால் அந்த இரைச்சலை அறுக்கிற கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானைத் தட்டிவிடலாம். வேலை சுத்தம். ஆனால் தேய்ப்பை இப்படித் துண்டாக்க முடியாது என்பது எனக்குத் தெரியாததல்ல. குச்சி அழுந்துகிற அழுத்தத்தைப் பொறுத்து ஒவ்வொரு இழுப்பும் வேறு வேறு. பேட்டில் ஒரே இழுப்பு எட்டு முறை வரும், மூன்றாவதிலேயே காது கண்டுபிடித்துவிடும். எங்கள் டிரம்மர் காதில் கிளிக் (வேகம் மாறாமலிருக்க ஒலிக்கிற டிக் டிக்) வைத்து வாசிப்பவனும் இல்லை. மூன்றாவது பாட்டில் எப்போதும் வேகமெடுத்து ஓடுவான். கையில் உருமி இருந்தால் பையனும் கூடவே ஓடியிருப்பான். பதிவு செய்த துண்டு ஓடாது. மேடையில் அவன் ஒவ்வொரு துண்டையும் பாதியில் வெட்டி வெட்டி அமுக்கிக்கொண்டிருந்தான்.

கோலாலம்பூரில் ஒரு ஊளை இல்லை. அங்கே மிக்சரில் இருந்தவர் எனக்குக் கட்டை விரலைக் காட்டினார். இறங்கி வரும்போது கூட்டத்திலிருந்த ஒரு மலாய்ப் பையன், மூன்றாவது பாட்டில் வந்த சத்தம் எந்த லேப்டாப்பில் செய்தது என்று ஆர்வமாகக் கேட்டான். உருமிக்காரனிடம்தான் கேட்டான்.

எனக்குச் சாதகமாக ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அந்த மண்டபத்தில் ஏர்கோன் பல்லைக் கிட்டுகிற குளிர். நம் ஊர்ப் புழுக்கத்தில் கட்டிய தோல் அந்தக் காய்ந்த குளிரில் இறுகும், சுருதி மேலே ஏறும். கயிற்றைத் தளர்த்திச் சரிசெய்ய 10 நிமிடம் போதாது. ஆகவே என் முடிவு சரி. ஆனால் முடிவெடுத்த இரவில் ஏர்கோனைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. மண்டபத்துக்குள் நுழைந்த பிறகுதான் அந்தக் காரணம் எனக்குக் கிடைத்தது. உருமியை அவன் எப்படியும் கொண்டு வந்திருந்தான். துணிப் பையோடு வேனிலேயே இருந்தது. வேன் வாடகைக்கு எல்லாரையும் போல அவனும் ஐம்பது வெள்ளி போட்டிருந்தான். 1960இல் மலாயா இந்தியர்களின் தலைவர் துன் சம்பந்தன் நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது தோட்டம் வாங்கப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தவர்களின் பேரப் பிள்ளைகள் இவர்கள். எதற்கும் சேர்த்துப் போடுவது பழக்கம், யார் எவ்வளவு போட்டார்கள் என்று மறக்காததும் பழக்கம்.

அதன் பிறகு யாரும் கூப்பிடவில்லை. பாடகனுக்கு அதற்கொரு விளக்கம் இருக்கிறது: நான்கு பாட்டையும் மலாயில் பாடியிருக்க வேண்டுமாம். பினாங்கு ஆறுமுகம் சகோதரர்கள் அல்லிகேட்ஸ் குழுவாக நாடு முழுக்கத் தெரிந்தது மலாய்ப் பாட்டால்தானே என்பான். இருக்கலாம். ஆனால் அன்று மேடையேறிய ஏழு குழுவிலும் இரண்டு கிட்டார், பேஸ், டிரம். உருமி ஒன்றில்தான் இருந்தது, அதுவும் வேனில்.

இதோடு விட்டிருப்பேன். போன மாதம் டிரம்மர் அந்த ஒத்திகையின் வீடியோவை அனுப்பினான். மூன்றாவது பாட்டு. உருமி உள்ளே வருகிற இடம்தான் பாடகன் கத்துகிற இடமும். கத்தும்போது அவன் மைக்கின் வலைத் தலையை உள்ளங்கையால் மூடிப் பிடிக்கிறான். அப்படி மூடினால் எந்த மைக்கும் திசை இழந்து எல்லாப் பக்கமும் கேட்கும், ஊளையிடும். முதல் நாள் பாடமே இதுதான். அவன் வைத்திருந்தது சூப்பர்கார்டியாய்ட், முன்பக்கத்தை மட்டும் குறுகலாகக் கேட்கிற வகை மைக். சத்தத்தை வாங்காத அதன் செவிட்டு இடம் நேர் பின்பக்கம் கிடையாது, இரு பக்கமும் 126 டிகிரி அளவில் சற்று ஓரமாக இருக்கும். வீடியோவில் மானிட்டர் நேர் பின்னால் இருக்கிறது. நேர் பின்பக்கம் செவிடான சாதாரண கார்டியாய்ட் மைக்குக்கு வைக்கிற பழக்கத்தில் நான் வைத்தது.

கை மூடுகிறது, குச்சி தேய்கிறது, ஊளை வருகிறது. மூன்றும் ஒரே நொடியில். பத்துப் பதினைந்து முறை ஓட்டிப் பார்த்துவிட்டேன். கையால் வந்த ஊளை என்றால் மேல் சுருதியில் ‘கீ’ என்று இருக்க வேண்டும், உருமியால் வந்தது என்றால் கீழே ‘ஊம்’. என் ஞாபகத்தில் ‘ஊம்’. ஆனால் உருமியே ‘ஊம்’ என்றுதானே பேசும், இரண்டையும் அன்று நான் பிரித்துத்தான் கேட்டேனா? 160ஐ இறக்கியும் நிற்கவில்லையே, அப்போதே மேலே தேடியிருக்க வேண்டாமா? போனில் எடுத்த வீடியோவில் கீழ்ச் சத்தம் அநேகமாக விழுவதே இல்லை. ‘கீ’ மட்டும் கேட்கிறது. ‘ஊம்’ இல்லாததால் கேட்கவில்லையா, போனால் பிடிக்க முடியாததால் கேட்கவில்லையா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

உருமிக்காரனுக்கு அந்த வீடியோ போயிருக்கிறதா என்று நான் டிரம்மரிடம் விசாரிக்கவில்லை. டிரம் விளிம்பில் மாட்டுகிற கிளிப் மைக் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். மேளம் ஆடினால் மைக்கும் கூடவே ஆடும். ஆனால் அந்த கிளிப் டிரம் செட்டின் இரும்பு விளிம்புக்குச் செய்தது, கயிறு கோத்த வளையத்தில் உட்காருமா என்பது சந்தேகம். பழைய மோட்டார் சைக்கிள் டியூபைத் துண்டு வெட்டி இடையில் கொடுத்தால் பிடிக்கும் என்று தோன்றுகிறது. அளவெடுத்துப் பார்க்க அவனுடைய உருமி வேண்டும். இன்னும் கேட்கவில்லை.